ஆறடியைத் தாண்டியவர்களும் எடை குறைந்த பயண ட்ரெய்லர்களும்: வட அமெரிக்க வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லையும் வாதமும்

காருக்குப் பின்னால் ஹிட்ச்சில் மாட்டி இழுத்துச் செல்லும் பயண ட்ரெய்லர்களில் எடை குறைந்தவற்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. களம் அமெரிக்காவும் கனடாவும். அங்கே ஓடும் ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. ஃபைபர்கிளாஸ் வார்ப்பு வண்டிகள் மட்டும் மினசோட்டா, டெக்சஸ், பிரிட்டிஷ் கொலம்பியா என்று சிதறிக் கிடக்கின்றன.

‘எடை குறைந்தது’ என்ற பட்டத்தை விற்பனையாளர்கள் 5,000 பவுண்டு வண்டிக்கும் கூசாமல் சூட்டுகிறார்கள். இங்கே அளவுகோல் கறாரானது. தண்ணீர், கேஸ், துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றிய பிறகும் 3,500 பவுண்டுக்குள், அதாவது சுமார் 1,590 கிலோவுக்குள், நிற்க வேண்டும். இந்த எண்ணை நிர்ணயிப்பது ட்ரெய்லர் அல்ல, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் கார். டொயோட்டா சியன்னா மினிவேனின் இழுதிறன் 3,500 பவுண்டு. சுபாரு அவுட்பேக்கில் டர்போ எஞ்சினுக்கு 3,500, சாதாரண எஞ்சினுக்கு 2,700. சிறிய பிக்கப்பான ஃபோர்டு மேவரிக், இழுவைத் தொகுப்போடு வாங்கினால் 4,000 வரை இழுக்கும். பெரிய டிரக் வாங்காமல் ஊர் சுற்ற நினைக்கும் குடும்பத்தின் வரம்பு இதுதான்.

உயரமானவர் என்று இங்கே சொல்வது 6 அடி 2 அங்குலமும் (188 செ.மீ.) அதற்கு மேலும் உள்ளவர்களை. அமெரிக்க ஆண்களின் சராசரி உயரம் 5 அடி 9 அங்குலத்தை ஒட்டி நிற்கிறது. 6 அடி 2 அங்குலத்தைத் தாண்டுவோர் ஏறத்தாழ இருபதில் ஒருவர். தொழிற்சாலை மற்ற பத்தொன்பது பேருக்காக வரைபடம் போடுகிறது. வியாபாரமாகப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இருபதாவது ஆளிடம் விற்பனையாளர் சொல்லும் காரணம் வேறு: “இடம் வேண்டுமென்றால் எடை கூடும் சார், பெரிய வண்டியாகப் பாருங்கள்.”

இந்தக் காரணம் சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். உயரமானவருக்கு இடம் தருவதால் எடை பெரிதாகக் கூடுவதில்லை. அவருடைய அங்குலங்களைத் தின்பது வேறொன்று: விலைப்பட்டியலில் ‘இத்தனை பேர் படுக்கலாம்’ என்று போட்டிருக்கும் எண்.

2. உள்ளுயரம் என்ற ஒற்றை எண்

2.1. அந்த எண் எங்கே அளக்கப்படுகிறது

கேட்டலாகில் ‘உள்ளுயரம்’ என்று ஓர் எண் இருக்கும். உயரமானவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பலர் அதோடு நின்றும் விடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் வண்டியின் நடுவில், கூரை மிக உயர்ந்திருக்கும் இடத்தில் எடுத்தது. வளைந்த கூரை கொண்ட வண்டியில் நடுப்பாதையிலிருந்து ஓரடி விலகினாலே சில அங்குலம் போய்விடும். கூரை ஏசி உள்ள வண்டியில் அதன் உள்பெட்டி கூரைக்குக் கீழே இரண்டு, மூன்று அங்குலம் தொங்கும். அது தொங்குவதும் பெரும்பாலும் வண்டியின் நடுவில், ஆள் அதிகம் நடக்கும் இடத்தில்தான். 6 அடி 4 அங்குலம் என்று அச்சிட்ட வண்டியில் 6 அடி 2 அங்குலக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

நுழைவாயிலின் உயரம் உள்ளுயரத்தைவிட எப்போதும் குறைவு. ஏறும்போது கால் படியில் ஊன்றி உடல் மேலே எழும் அதே நொடியில் தலை வாசல் மேல்சட்டத்தைத் தாண்ட வேண்டும். குனிந்துதான் ஏறுகிறோம் என்று நினைப்போம். உடல் எழுந்துகொண்டிருப்பதை மறந்துவிடுவோம். உயரமானவர் தலையில் முதல் அடி விழும் இடம் இது. இரண்டு நாளில் பழகிவிடும் என்பதால் இதை வைத்து வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

2.2. சில வண்டிகளின் கணக்கு

1968இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற சிறு ட்ரெய்லரை உருவாக்கினார். அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர் அவர். மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டு வார்ப்புகள். நடுவில் ஒரே இணைப்பு. நீளம் 13 அடி. எடை ஆயிரம் பவுண்டுக்குள். அந்த வழியில் வந்ததுதான் மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் ஸ்கேம்ப். அதன் வெளியகலம் 6 அடி 8 அங்குலம். உள்ளுயரம் 6 அடி 3 அங்குலம். டெக்சஸின் ரைஸ் ஊரில் தயாராகும் கசீட்டாவில் உள்ளுயரம் சுமார் 6 அடி 1 அங்குலம்.

வார்ப்பு வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. மரச்சட்டம் வைத்துக் கட்டும் பெட்டி வண்டியில் அடுத்த ஆண்டே சுவரை நான்கு அங்குலம் உயர்த்திவிடலாம். வார்ப்பில் அது நடக்காது. புது அச்சு செய்ய வேண்டும், அச்சுதான் அந்தத் தொழிலின் மூலதனம். பழைய அச்சுகள் பல பத்தாண்டுகளாக அப்படியே நீடிப்பதற்குக் காரணம் இது. அந்த அச்சுகளில் உறைந்து கிடப்பது அந்தக் காலத்து ஆளின் உயரம் என்றுகூடச் சொல்லலாம்.

ஒஹையோவின் ஷுகர்கிரீக்கில் நியூகேம்ப் தயாரிக்கும் டேப் 320 கண்ணீர்த்துளி வடிவம் கொண்டது. பார்க்க அழகு, சிறிய கார் இழுக்கும். உள்ளுயரம் 5 அடி 9 அங்குலம். அதாவது சராசரி அமெரிக்க ஆண் வெறுங்காலோடு நின்றாலே உச்சி கூரையில் படும். படுத்துத் தூங்கவும் உட்கார்ந்து காபி குடிக்கவும் மட்டும் உள்ளே போகிறோம், நிற்பதெல்லாம் வெளியே என்ற தெளிவோடு வாங்கினால் தவறில்லை. மூன்று நாள் மழை பெய்தால் அந்தத் தெளிவு கலங்கும். ஏர்ஸ்ட்ரீமின் பேஸ்கேம்ப் 16இல் நடு உயரம் ஏறத்தாழ 6 அடி 4 அங்குலம். ஆனால் வண்டியின் முனைகளை நோக்கிக் கூரை சரிகிறது.

செவ்வகப் பெட்டி வண்டிகளில் 6 அடி 4 அங்குலம் முதல் 6 அடி 8 அங்குலம் வரை எளிதாகக் கிடைக்கும். கூரைச் சட்டத்தை வில்லாக வளைத்து நடுவில் இன்னும் சில அங்குலம் கூட்டுவதும் உண்டு. அழகில் வார்ப்பு வண்டிக்கு இவை ஈடில்லை. மூலை இணைப்புகளில் மழைநீர் கசியும் வாய்ப்பும் அதிகம். ஆனால் நிற்கும் உயரம் ஒன்றே கேள்வி என்றால், எல்கார்ட்டின் சாதாரணப் பெட்டி வண்டியே அந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது.

ஐரோப்பாவில் இந்த எண் கிட்டத்தட்ட ஒரு மரபாகிவிட்டது. ஹாபி, ஆட்ரியா போன்ற நிறுவனங்களின் கேரவன்களில் நிற்கும் உயரம் 1.95 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 அடி 5 அங்குலம். இளம் ஆண்களின் சராசரியே 183 செ.மீ. இருக்கும் நெதர்லாந்திலும் இந்த வண்டிகள்தான் ஓடுகின்றன.

3. படுக்கை

ஆறடி நான்கு அங்குலக்காரர் ஒருவர் குனிந்து நடக்கக் கற்றுக்கொள்வார். முழங்காலை மடக்கிக்கொண்டு பத்து இரவு தூங்க மாட்டார். என் கணிப்பில் கூரையைவிடக் கட்டில்தான் முதல் சோதனை. ஆனால் கட்டிலின் நீளம் கேட்டலாகில் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது.

3.1. குட்டைக் குவீன்

அமெரிக்க வீட்டு மெத்தைகளில் குவீன் என்பது 60 × 80 அங்குலம். ட்ரெய்லர் உலகில் ‘குவீன் படுக்கை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பல சமயம் 60 × 74 அல்லது 60 × 75. கடையில் இதற்குக் குட்டைக் குவீன், கேம்பர் குவீன் என்றெல்லாம் பெயர் உண்டு. விளம்பரத்தில் அந்த முன்சொல் உதிர்ந்துவிடும். காணாமல் போன ஐந்து அங்குலம் ஒரு அலமாரிக்கோ நடைபாதைக்கோ போயிருக்கும்.

ஒருவர் நேராகப் படுக்க அவருடைய உயரத்தைவிடக் குறைந்தது மூன்று அங்குலம் கூடுதலாக வேண்டும். தலையணை தலையைச் சற்றுக் கீழே தள்ளும். மல்லாந்து படுத்தால் பாதம் நீண்டு சாயும். ஆகவே 75 அங்குல மெத்தை 6 அடிக்காரருக்கே எல்லைக்கோடு. 80 அங்குலம் இருந்தால் 6 அடி 5 அங்குலம் வரை தாக்குப்பிடிக்கலாம்.

3.2. குறுக்கா, நெடுக்கா

கட்டில் வண்டியின் அகலவாட்டில் கிடக்கிறதா, நீளவாட்டில் கிடக்கிறதா என்பது உயரமானவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அகலவாட்டில் கிடந்தால் மெத்தையின் நீளத்தை வண்டியின் உடல் அகலம் வெட்டிவிடும். ஸ்கேம்பின் வெளியகலம் 80 அங்குலம். ஓடு, காப்பு, உள்ளுறை எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் என்று கழித்தால் மிஞ்சுவது 77. அதன் உள்ளுயரமோ 75 அங்குலம். மூன்று அங்குலத் தேவையைக் கழித்துப் பாருங்கள்: நின்றாலும் சரி, படுத்தாலும் சரி, அந்த வண்டி வசதியாக ஏற்றுக்கொள்வது 6 அடி 1 அல்லது 2 அங்குலக்காரரைத்தான். இரண்டு திசையிலும் ஒரே ஆளை மனத்தில் வைத்து அச்சு வெட்டியிருக்கிறார்கள்.

ஏழடி அகலப் பெட்டி வண்டிகள் உண்டு. வின்னபேகோவின் மைக்ரோ மினி வரிசை அப்படிப்பட்டது. 84 அங்குலத்தில் சுவர்களைக் கழித்தால் 81. 80 அங்குல மெத்தை குறுக்கே மயிரிழையில் நுழையும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் தலையும் காலும் இரு சுவரையும் தொட்டுக்கொண்டு படுப்பது குளிர்காலத்தில் சுகமில்லை. மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து மெத்தை ஓரம் நனையும். உள்பக்கம் படுப்பவர் நள்ளிரவில் எழுந்தால் வெளிப்பக்கம் படுப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தாண்டுபவர் ஆறரை அடி என்றால் தாண்டப்படுபவரின் நிலையையும் யோசிக்க வேண்டும்.

நீளவாட்டில் போட்ட கட்டிலுக்கு இந்தத் தடை இல்லை. மெத்தைக்குக் காலருகே பலகைத் தடுப்பு இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. நான்கு அங்குலம் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நடக்க வழி விட மெத்தையின் மூலையை வளைத்து வெட்டியிருக்கும் வண்டிகளில் கவனம் தேவை. 80 அங்குலம் என்பது அங்கே நடுவில் மட்டும்தான். ஓரத்தில் படுப்பவருக்கு 72கூட மிஞ்சாது.

3.3. மூலைவிட்டம்

தனியாகப் பயணிப்பவருக்கு ஒரு தப்பும் வழி உண்டு. 54 × 75 அங்குல மெத்தையின் மூலைவிட்டம் 92 அங்குலம். 60 × 75க்கு 96. உடலுக்கும் அகலம் உண்டென்பதால் இவ்வளவும் பயன்படாது. ஆனாலும் 6 அடி 6 அங்குலக்காரர் தாராளமாகக் கோணலாகப் படுத்துக்கொள்ளலாம். தனி ஆளுக்குக் குட்டைக் குவீனே போதும் என்று நான் சொல்வது இதனால்தான். ஜோடியாகப் போகும்போது மூலைவிட்டம் ஒருவருக்குத்தான். மற்றவர் முக்கோணத்தில் ஒடுங்க வேண்டும்.

மேசையை இறக்கி இருக்கை மெத்தைகளைப் பரப்பிச் செய்யும் படுக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவை பெரும்பாலும் 70 அங்குலத்தைச் சுற்றி இருக்கும், குழந்தைகளுக்கானவை. ஆனால் கேட்டலாகில் ‘நான்கு பேர் படுக்கலாம்’, ‘ஐந்து பேர் படுக்கலாம்’ என்ற எண்ணைத் தூக்கி நிறுத்துபவை இவைதான். அடுக்குக் கட்டில் ஒன்று, மேசைப் படுக்கை ஒன்று என்று 16 அடிக்குள் திணிக்கும்போது முதன்மைக் கட்டிலின் ஐந்து அங்குலம் பலியாகிறது. இரண்டு பேர் மட்டும் படுக்கலாம் என்று வெட்கப்படாமல் எழுதியிருக்கும் வண்டியைத் தேடுங்கள். உயரமானவருக்கான இடம் அதில்தான் இருக்கும்.

4. குளியலறை

சிறு வண்டிகளில் டாய்லெட்டும் ஷவரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். குளித்தால் எல்லாம் நனையும். துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. குள்ளமானவருக்கு இது அசௌகரியம். உயரமானவருக்கு இது கிட்டத்தட்ட யோகாசனம். ஷவரின் அடித்தட்டு பல வண்டிகளில் தரைமட்டத்தில் இருக்காது. கீழே கழிவுக் குழாய்க்கும் சக்கரக் குழிக்கும் இடம் விட்டு நான்கைந்து அங்குலம் உயர்த்தியிருப்பார்கள். 6 அடி 4 அங்குல வண்டியில் ஷவருக்குள் மிஞ்சுவது ஆறடிதான். தலைக்கு நேர் மேலே ஒளிபுகும் குமிழ்க்கூரை வைத்திருந்தால் இழந்த அங்குலங்கள் திரும்பக் கிடைக்கும். அதை வெளிச்சத்துக்காக வைத்திருப்பதாக நினைப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் அறிவார்கள்.

சுவரில் நிலையாகப் பதித்த ஷவர்த்தலை மார்பு உயரத்தில் தண்ணீர் பீய்ச்சும். கையில் எடுத்துப் பிடிக்கும் வகை அவசியம். இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், செலவு சொற்பம். மாற்ற முடியாதது டாய்லெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான தூரம். நீண்ட தொடை உள்ளவர் உட்கார்ந்தால் முழங்கால் கதவில் முட்டும், அல்லது கதவைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிவரும். கேட்டலாக் எதிலும் இந்த அளவு இருப்பதில்லை. கடையில் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் பரிந்துரை சற்றுக் கசப்பானது: இந்த எடை வரம்புக்குள் உயரமானவர் குளியலறையை முழுதாகத் துறந்துவிடுவதே உத்தமம். ஒண்டாரியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் வெந்நீர் ஷவரோடு பொதுக் குளியல் கட்டடங்கள் உண்டு. தனியார் முகாம்களில் அது சாதாரணம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவற்றில் ஷவர் இல்லை என்பதால் அங்கே தங்குவோருக்கு மட்டும் கணக்கு மாறும். குளியலறைப் பெட்டியை நீக்கினால் கிடைக்கும் இரண்டடி, கட்டிலுக்குப் போனால் எல்லாப் பிரச்சினையும் ஒரேயடியாகத் தீர்கிறது. ஸ்கேம்ப் போன்றவற்றைக் குளியலறை இல்லாமலே வாங்கலாம்.

5. உட்காருதலும் சமையலும்

மேசைப் படுக்கையின் நீளத்தை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தலாம். அந்த நீளம்தான் எதிரெதிர் இருக்கைகளின் பின்பலகைகளுக்கு இடையிலான தூரம். அதில் முதுகு மெத்தைகளுக்காக எட்டு அங்குலம் கழியுங்கள். உயரமான ஆணுக்குப் பின்புறத்திலிருந்து முழங்கால் முனை வரை 65 செ.மீ. போலாகும். இருவர் எதிரெதிரே உட்கார 130, நடுவில் முழங்கால்கள் முட்டாமலிருக்க ஒரு சாண். 70 அங்குல மேசைப் படுக்கையில் இது பொருந்தும். 60இல் கால்கள் பின்னிக்கொள்ளும். மேசைக்கு நடுவில் ஒற்றைக் கால் இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. ஒரு பக்கம் சுவரில் தொங்கும் மேசையே மேல்.

193 செ.மீ. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து தலையுச்சி வரை சுமார் ஒரு மீட்டர். இருக்கை உயரம் 45 செ.மீ. சேர்த்தால் 145. தலைக்கு மேல் தொங்கும் அலமாரியின் அடிப்பாகம் அதற்கு மேலே இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

சமையல் மேடையில் தொல்லை வேறு விதம். மேடை தாழ்வு, அதற்கு மேல் அலமாரி நெற்றிக்கு நேரே. ஒரு தட்டைக் கழுவ இடுப்பை வளைத்து, அலமாரியில் தலை இடிக்காமல் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து நிற்க வேண்டும். ஜன்னல்களும் சராசரி ஆளின் கண்ணுக்கு வைத்தவை. உயரமானவர் நின்றபடி பார்த்தால் தெரிவது ஜன்னலுக்கு மேலுள்ள சுவர். எதிரே ஏரி இருந்தாலும் குனிந்தால்தான் ஏரி. பின்புறக் கதவைத் தூக்கிச் சமைக்கும் கண்ணீர்த்துளி வண்டிகளில் வெளியே நிற்பதால் கூரைத் தொல்லை இல்லை என்பார்கள். தூக்கிய கதவின் விளிம்பு சரியாக நெற்றிக்கு வருவதைச் சொல்ல மாட்டார்கள்.

6. ஓர் அரையடியின் விலை

இப்போது மையக் கேள்வி. கூரையை ஆறு அங்குலம் உயர்த்தினால் வண்டிக்கு என்ன ஆகும்?

16 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள உடலை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 46 அடி. அரையடி உயர்த்தினால் கூடுதல் சுவர் 23 சதுர அடி. மெல்லிய அடுக்குச் சுவருக்குச் சதுர அடிக்கு 2 பவுண்டு என்று வைத்தால் 46 பவுண்டு. ஒரு அமெரிக்க காலன் தண்ணீர் 8.34 பவுண்டு. ஆக, ஐந்தரை காலன் தண்ணீர் குறைவாக ஏற்றினால் கூரையின் எடை கழிந்துவிட்டது. கட்டிலுக்காக வண்டியின் நீளத்தை அரையடி கூட்டினாலும் தரை, கூரை, இரு சுவர், அடிச்சட்டம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டையும் சேர்த்தாலும் நூறு பவுண்டை ஒட்டியே நிற்கும். 3,500 பவுண்டு வண்டியில் இது மூன்று சதவீதம்.

காற்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். முகப்புப் பரப்பு 7 × 8 அடி, அதாவது 56 சதுர அடி என்றால் அரையடி உயர்வு 3.5 சதுர அடி சேர்க்கிறது, ஆறு சதவீதம். இந்தக் கூடுதல் பரப்பு வண்டியின் உச்சியில் இருப்பதால் முன்னால் போகும் காரின் மறைவு அதற்குக் கிடைப்பதில்லை. இழுவைக் கெழு 0.6 என்று கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 90 நியூட்டன் கூடுதல் விசை, இரண்டரை கிலோவாட் கூடுதல் திறன். சிறிய எஞ்சின் இதை உணரும். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுவது. 100இல் போகிறவர் 97க்குக் குறைத்தால் அந்த ஆறு சதவீதம் ஈடாகிவிடுகிறது. ஆறு அங்குலத் தலையிடத்துக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். இதைவிட மலிவான பேரத்தை நான் அறியேன். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: சில கார்களின் கையேடுகளில் எடை வரம்போடு ட்ரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் வரம்பு குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் உயர்ந்த பெட்டியை மாட்டக் கூடாது.

7. பயணத்தில் தாழ்ந்தும் முகாமில் உயர்ந்தும்

ஓடும்போது தாழ்வாகவும் நிற்கும்போது உயரமாகவும் இருக்கும் வண்டி பழைய யோசனை. ஜெர்மனியில் எரிக் பாஹெம் 1950களின் இறுதியில் எர்வின் ஹைமரோடு சேர்ந்து எரிபா கேரவனைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நாட்டர் என்ற ராக்கெட் விமானத்தை வடிவமைத்த அதே பாஹெம். எஃகுக் குழாய்ச் சட்டம், உருண்ட உடல், நடுக்கூரை மேலே எழும். எழுப்பிய பிறகு ஏறத்தாழ 1.95 மீட்டர் நிற்கலாம். ஆனால் அந்த உயரம் எழும்பிய பகுதிக்குக் கீழே மட்டும். ஒஹையோவின் ஹை-லோ வண்டியில் மேல்பாதி முழுவதும் கீழ்ப்பாதியின் மேல் கவிழ்ந்து இறங்கும். இப்போது அது தயாரிப்பில் இல்லை. பழைய வண்டிகளாகக் கிடைக்கும். ஏ-லைனர் போன்ற முக்கோணக் கூரை வண்டிகளில் நடுவில் ஆறரை அடி ஆளும் தாராளமாக நிற்பார், இரண்டடி தள்ளிப் போனால் சரிவில் தலை இடிக்கும். மடித்தால் வீட்டுக் கராஜின் ஏழடிக் கதவுக்குள் நுழைந்துவிடுவது அதன் தனி லாபம். ஏழரை அடி உயர ஸ்கேம்ப் நுழையாது.

கித்தான் சுவர் கொண்ட மடிப்பு ட்ரெய்லர்களை உயரமானவர்கள் ஏனோ கீழாகப் பார்க்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் அவர்களுக்கு மிக ஏற்றது இதுதான். இரு முனையிலும் கட்டில்கள் உடலுக்கு வெளியே நீண்டு விரிவதால், நின்று நடக்கும் தரை முழுதும் மிஞ்சுகிறது. காலில் முட்டுவது துணிதான், சுவரல்ல. மழையில் நனைந்த கித்தானை வீட்டுக்கு வந்து விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கரடி நடமாடும் சில முகாம்களில் துணிச்சுவர் வண்டிகளை அனுமதிப்பதில்லை. இந்த இரண்டும் இடிக்கவில்லையென்றால் 2,000 பவுண்டு அளவிலேயே 6 அடி 6 அங்குலக்காரருக்கு வழி பிறக்கிறது.

8. ஆளின் எடையும் வண்டியின் எடைதான்

உயரமானவர் வழக்கமாக மறப்பது தன் எடையை. காரின் இழுதிறன் ஒன்று. காரே தன்மேல் தாங்கும் சுமை, அதாவது பேலோடு, வேறொன்று. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த எண் இருக்கும். ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச்சை அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்முனையில் இருக்க வேண்டும். குறைந்தால் வண்டி பின்னால் வாலாட்டும்.

3,300 பவுண்டு ஏற்றிய ட்ரெய்லரில் 12 சதவீதம் என்றால் சுமார் 400 பவுண்டு. பேலோடு 1,300 என்று கொள்வோம். நூறு கிலோ ஆட்கள் இருவர் 440. எடை பகிரும் ஹிட்ச் பொருத்தினால் அதற்கு 80. மிச்சம் 380, இதில்தான் பிள்ளைகள், நாய், சைக்கிள், ஐஸ் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். ட்ரெய்லர் கேட்டலாகில் போடும் வெற்று எடையில் பேட்டரியும் நிரம்பிய கேஸ் சிலிண்டரும் பல நேரம் சேராது. டீலர் மாட்டும் ஏசியும் அப்படியே. நிரம்பிய 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று உறையோடு சேர்ந்து 37 பவுண்டு.

9. தேர்வு

6 அடி 2 அங்குலத்துக்குள் என்றால் ஸ்கேம்ப் வகை வார்ப்பு வண்டி போதும். ஏசி உள்பெட்டி இல்லாமல், அந்த இடத்தில் 14 அங்குலச் சதுரக் காற்றோட்டத் திறப்பு வைத்ததாகப் பாருங்கள். அந்தத் திறப்புக்கு நேர் கீழே நின்றால் தலை அதற்குள் போய்விடும். சட்டை போட, பேன்ட் மாட்ட உயரமானவர்கள் நிற்கும் இடம் அதுதான். 6 அடி 5 வரை, நீளவாட்டில் முழு 80 அங்குலக் கட்டில் போட்ட, ஸ்லைடு-அவுட் (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) இல்லாத ஏழடி அகலப் பெட்டி வண்டி. அதற்கும் மேலென்றால் மடிப்பு வண்டி ஒன்றே 3,500 பவுண்டுக்குள் நிற்கும்.

கணவன் மனைவி இருவரும் ஆறடியைத் தாண்டியவர்கள் என்றால் கட்டில் ஒன்றே ஒன்று என்பதில் பிடிவாதம் வேண்டாம். நடுப்பாதையின் இருபுறமும் நீளவாட்டில் இரண்டு தனிக் கட்டில்கள் போட்ட வண்டியில் ஆளுக்கு 80 அங்குலம் கிடைக்கும். யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பகலில் அவையே சோபா.

கடைக்கு அளவு நாடாவோடும், பயணத்தில் போடும் அதே செருப்போடும் போக வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் கால்மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் வெளியே காத்திருப்பார், அது அவர் வேலை. முன்பணம் கொடுக்குமுன் மெத்தையின் நீளத்தையும் உள்ளுயரத்தையும் அங்குலத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அளவுகள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற வரி கேட்டலாகின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கடையில் படுத்துப் பார்த்தது ஒரு வண்டி. ஆர்டர் கொடுத்துச் சில மாதம் கழித்து வாசலுக்கு வருவது வேறொரு வண்டி.